முட்டை ஓட்டு அளவு

பாஞ்சாலை வீட்டில் தோசை சுட்டால் தெருவுக்குத் தெரியாது. மற்ற வீடுகளில் கல்லில் எண்ணெய் விழுந்தால் மணம் நாலு வீடு தள்ளிப் போகும். இவள் வீட்டில் கல்லின் மேல் ஒரு கத்திரிக்காய்க் காம்புதான் போகும். அதை எண்ணெயில் தொட்டாளா, இல்லை எண்ணெய்க்குச் சும்மா காட்டினாளா என்று பக்கத்தில் நின்று பார்த்தாலும் சொல்ல முடியாது. காம்பால் கல்லை ஒரு சுற்றுத் தேய்ப்பாள், மாவை ஊற்றுவாள். அடி கருகி மேலே வெளுத்த ஒரு பண்டம் தட்டில் வந்து விழும். அவள் புருஷன் தங்கதுரை அதற்கு ஓடு என்று பேர் வைத்திருந்தான். "இன்னும் ரெண்டு ஓடு போடு, மிச்சத்தக் கூரைக்கு வச்சுக்கலாம்" என்பான்.

தாளிப்புக்கு அளவு ஒரு சொப்புக் கிண்ணம். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் பாஞ்சாலைக்குப் பிசிறு எடுக்கும் வேலை. அச்சிலிருந்து பச்சை மண்ணாக வரும் பொம்மைகளையும் சொப்புகளையும் ஓரம் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, விரல் அழுந்தாமல் பலகையில் அடுக்க வேண்டும். விரல் அழுந்தினால் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தது சூளைக்குப் போகாது. சூளையில் கோணிப்போனதைக் கம்பெனிக்குப் பின்னால் கொட்டுவார்கள். அங்கிருந்து எடுத்து வந்த கிண்ணம்தான் அது, பெண் குழந்தைகள் மண்சோறு ஆக்கி விளையாடுகிற அளவு. ஒரு நாளைக்கு, நாலு பேருக்கு, குழம்பு பொரியல் எல்லாம் சேர்த்து அந்தக் கிண்ணத்தில் ஒரு கிண்ணம். அதற்கு மேல் கேட்டால் பாஞ்சாலையின் முகம் பீங்கானாக இறுகிவிடும்.

ஊற்றும்போது ஒரு சொட்டு தரையில் விழுந்தால் பதறிப்போய்க் குனிவாள். விரலால் வழித்து, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் தலையில் தடவுவாள். தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தவள் அவள் நாத்தனார் பூவாயி, தங்கதுரைக்கு மூத்தவள், அடுத்த தெருவில் குடியிருந்தவள். "எந்தம்பி வூட்டுக் கொழம்புல எண்ணெயப் பாக்கணும்னா பூதக்கண்ணாடி வேணும்டி" என்று குழாயடியில் நின்றுகொண்டு சொல்வாள். பாஞ்சாலை பதில் பேசமாட்டாள். அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. அதைக் குழாயடியில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் வயசுக்கு வந்தபோது வீட்டில் எண்ணெய் கிடையாது. விளக்குக்கே கிடையாது. அந்த நாட்களில் பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து, உளுந்தங்களியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றித் தின்ன வைப்பது வழக்கம். அப்போதுதான் இடுப்பெலும்பு உறுதிப்படும், பின்னால் பிள்ளை நிற்கும் என்பார்கள். பாஞ்சாலைக்குக் கிடைத்தது கேழ்வரகுக் கூழ். கல்யாணமான பிறகு முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. பேறு பார்க்க வந்தவள் வயிற்றைத் தடவிவிட்டு, "எண்ணெ குடிக்காத இடுப்பு, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போனாள். அந்த ஒரு பேச்சு பாஞ்சாலையின் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது. மூன்றாவதாகக் கமலம் பிறந்து உயிரோடு நின்றபோது, கையில் வாங்கின அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், இவளுக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்று. அதற்குப் பிறகுதான் சொப்புக் கிண்ணம் வந்தது. வீட்டில் எல்லோர் நாக்கையும் கட்டி அவள் மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்த ஒரு காரியத்துக்காக.

கமலம் தாயைக் குறை சொல்லாத பெண். ஓட்டுத் தோசையைப் பச்சை வெங்காயத்தோடு கடித்துக்கொண்டு, "நல்லாத்தாம்மா இருக்குது" என்பாள். அவள் தம்பி விருத்தகிரி அழுதால் தன் பங்கையும் அவன் தட்டில் தள்ளிவிடுவாள். அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு எதைக் கொடுத்தாலும் தகும் என்று பாஞ்சாலை நினைத்தாள்.

எழுபத்து நாலாம் வருஷம் கமலம் வயசுக்கு வந்து உட்கார்ந்தாள். ஊரில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய நேரம் அது. ரேஷன் கடையில் கொஞ்சம் கடலெண்ணெய் கொடுப்பார்கள், அதற்கும் வரிசை. நல்லெண்ணெய் என்று கேட்டால் மளிகைக் கடைக்காரன் ஒருமாதிரி பார்த்தான். தெரிந்தவர்களுக்கு மட்டும் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தான். பாஞ்சாலை அவனுக்குத் தெரிந்தவள் இல்லை. இத்தனை வருஷம் எண்ணெய் வாங்காதவளை எந்தக் கடைக்காரனுக்குத் தெரியும்?

அந்த நேரத்தில்தான் சைக்கிளில் தகரம் கட்டிக்கொண்டு ஒரு ஆள் தெருவில் வந்தான். சேத்தியாத்தோப்புப் பக்கம் செக்கு என்றான், வடிகட்டாத அசல் எண்ணெய் என்றான். பாஞ்சாலையின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டான். அவள் தேய்த்து முகர்ந்தாள். எள் வாசனை இருந்தது. நிறம்தான் கொஞ்சம் செவேலென்று இருந்தது.

"செக்குல ஆட்டினா அப்படித்தாம்மா. கடையில விக்கிறது வெளுத்துப் போனது" என்றான் அவன்.

பக்கத்தில் பூவாயி நின்றாள். "இந்தா பாஞ்சால, இதுலயும் அந்தச் சொப்ப எடுத்துக்கிட்டு வராத. எந்தம்பி பொண்ணு நாளைக்கு நாலு புள்ள பெக்கணும்" என்றாள்.

"சொப்பு எடுக்க மாட்டேன் அண்ணி. நீங்களே பாருங்க" என்றாள் பாஞ்சாலை. உள்ளே போய்ப் பெரிய ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்து தகரத்தின் கீழே பிடித்தாள். கழுத்துவரை எண்ணெய் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு எண்ணெயை அவள் ஒருசேரப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் கமலத்தைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். முட்டையின் தலையில் சின்னதாக ஓட்டை போட்டு, பச்சையாகக் குடிக்க வைத்தாள். பிறகு அதே முட்டை ஓட்டில் எண்ணெயை ஊற்றினாள். அதுதான் வழக்கத்தின் அளவு. முட்டை ஓடு நிறைந்து, விளிம்பில் எண்ணெய் நடுங்கிக்கொண்டு நின்றது.

கமலம் ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "காறுதும்மா. தொண்ட எரியுது."

"அசல் எண்ணென்னா அப்படித்தான் காறும். மூச்சப் புடிச்சிக்கிட்டு முழுங்கு. எனக்கு இது கெடைக்கல, தெரியுமா?"

கமலம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுங்கினாள்.

காலையில் முட்டை ஓடு, மத்தியானம் உளுந்தங்களி. களியின் நடுவே குழி பறித்து எண்ணெய் ஊற்றினால் குழி நிறைந்து வழியும். விருத்தகிரி ஒருநாள் வழிந்த எண்ணெயில் விரலை வைத்துவிட்டான். பாஞ்சாலை பட்டென்று அவன் கையில் ஒன்று போட்டாள். "அக்காவுக்குடா அது. ஒனக்கெதுக்கு?" பையன் மூலையில் போய் உட்கார்ந்து அழுதான். தங்கதுரைக்கும் அவனுக்கும் வழக்கம்போல ரேஷன் எண்ணெய், சொப்புக் கிண்ணம், ஓடு. அவளும் அதைத்தான் தின்றாள். ஜாடியின் மூடியைக்கூட வேறு யாரையும் தொட விடவில்லை.

கொஞ்ச நாளில் கமலத்துக்கு வயிற்றோட்டம் கண்டது. "எண்ணெ உள்ள போனா அழுக்கெல்லாம் கழிச்சிவுடும், நல்லதுதான்" என்றாள் பூவாயி. அது சரியாகத்தான் பட்டது. வயிற்றோட்டம் அடங்கி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிந்து, சொந்தக்காரர்கள் வந்து போன பிறகு, கமலத்தின் உடம்பில் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. குச்சியாக இருந்த கால் திரண்டது. கன்னம் உப்பியது. தோலில் ஒரு சிவப்பு ஏறியது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

"ஏ அப்பா, இதுக்குத்தான் நல்லெண்ணென்னு பேரு!" என்று பூவாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பாஞ்சால, வாயத் தொறந்து சொல்றேன், நீ கஞ்சமில்லடி. புள்ள எப்படிப் பூசுனாப்ல ஆயிட்டா பாரு. அந்த ஆளு மறுபடி வந்தா எனக்கும் வாங்கி வையி. எம்பொண்ணு மாரியும் இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்கிறா."

அந்த ஆள் மறுபடி வந்தான். பூவாயி தானே ஒரு ஜாடி வாங்கி வைத்துக்கொண்டாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாஞ்சாலை குழாயடியில் தலை நிமிர்ந்து நின்றாள். வீட்டுக்கு வந்து மகளுக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். கண் பட்டுவிடுமே என்ற பயம் ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. மறுநாள் களியில் இன்னும் கொஞ்சம் கூடவே ஊற்றினாள். எவ்வளவு சந்தோஷமாக ஊற்றினாள் என்பதை நினைத்தால் இதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

கமலம் குடத்தோடு குழாயடிக்குப் போய் வந்தால் மூச்சு வாங்கினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஒக்காந்து தின்னா அப்படித்தான். ஒடம்பு வச்சிடுச்சி இல்ல" என்றான் தங்கதுரை. அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பெண்ணைப் பார்த்து அவனுக்கும் பெருமை.

ஜாடி தீர்ந்த அன்று பாஞ்சாலை கடைசிக் களி உருண்டையை ஜாடிக்குள் விட்டு, சுற்றிலும் ஒற்றி எடுத்தாள். பக்கங்களில் ஒட்டியிருந்த மினுமினுப்பெல்லாம் உருண்டையில் ஏறியது. அதை அவளே கமலத்தின் வாயில் ஊட்டினாள். பிறகு வெந்நீர் விட்டு ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, கம்பெனியிலிருந்து வந்தவளிடம் கமலம் காலை நீட்டினாள். "கொலுசு கழட்ட முடியலம்மா. கடிக்குது."

பாஞ்சாலை கீழே உட்கார்ந்து கொலுசின் திருகைத் தேடினாள். அது சதைக்குள் புதைந்திருந்தது. பிடி கிடைப்பதற்காகக் கட்டைவிரலைக் கணுக்காலுக்கு மேல் அழுத்தினாள். கழற்றிவிட்டு விரலை எடுத்தாள். விரல் பதிந்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் மேலே வரவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினாள். அங்கேயும் பள்ளம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் கையில் இருக்கிற பச்சை மண் இப்படித்தான் செய்யும். உடம்பு இப்படிச் செய்யாது. சதை என்றால் எழும்ப வேண்டும். "ஏங்க, வண்டி கூப்புடுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் தங்கதுரை சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பாஞ்சாலை முட்டையைச் சொன்னாள், களியைச் சொன்னாள், எண்ணெயைச் சொன்னாள்.

"எண்ணெயில கலப்படம் இருந்திருக்கலாம். பிரம்மதண்டு தெரியுமா? மஞ்சப் பூ பூக்கும், முள்ளுச் செடி. அதோட விதை கலந்தா இப்படி நீர் கோத்துக்கும். இருதயத்தைத்தான் பிடிக்கும்" என்றார் அவர். "வீட்டுல வேற யார் அந்த எண்ணெயைச் சாப்பிட்டது?"

"யாரும் இல்லைங்க சார்" என்றாள் பாஞ்சாலை. "யாருக்கும் ஒரு சொட்டு குடுக்கலைங்க. எல்லாம் இவளுக்குத்தாங்க ஊத்தினேன்."

டாக்டர் கமலத்தின் காலை மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "மிச்சம் இருந்தா கொண்டாங்கம்மா. ஒரு ஸ்பூன் இருந்தாலும் போதும், டெஸ்டுக்கு அனுப்பலாம். விக்கிறவனைப் பிடிக்கலாம். இல்லேன்னா நான் சொல்றது வெறும் சந்தேகம்தான்."

அவள் வீட்டுக்கு ஓடினாள். ஜாடி வெயிலில் கவிழ்த்தபடி இருந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவினாள். விரலை எடுத்துப் பார்த்தாள். விரலில் கொஞ்சம் தூசிதான் ஒட்டியிருந்தது. வேறு யாருடைய வீடாக இருந்தாலும் ஜாடியின் அடியில் நாலு சொட்டு இருந்திருக்கும். அவள் வீட்டில் எப்படி இருக்கும்?

கமலம் மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். மூச்சு முட்டி முட்டி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். கமலத்தின் கையிலும் பாஞ்சாலையின் விரல் தடம் பதிந்திருந்தது, எரிக்கிற வரைக்கும்.

சாவு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூவாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "கண்ணுடி, ஊர்க்கண்ணு! அத்தன அழகா இருந்தாளே, வுடுமா?" என்றாள். பாஞ்சாலை எண்ணெய் என்றாள். பூவாயி அவள் வாயைப் பொத்தினாள். "எண்ணெயா கொல்லும்? காலங்காலமா குடிக்கிறது. எல்லாரும் குடிச்சி வளந்ததுதான்." தங்கதுரை குடித்துவிட்டு வந்து, பையனை மடியில் போட்டுக்கொண்டு, "ஒன் கஞ்சத்தனம்தாண்டி எங்கள வுட்டு வச்சிருக்கு" என்று சொல்லி அழுதான். ஆறுதலாகத்தான் சொன்னான். அந்த ஆறுதலைக் கேட்டபோதுதான் பாஞ்சாலைக்குத் தன் கையாலேயே தன் தலையில் கொள்ளி வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் யாருக்குப் பிரியத்தை அளந்து அளந்து கொடுத்தாளோ அவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள். யாருக்கு அளக்காமல் கொடுத்தாளோ அவள் போய்விட்டாள்.

சைக்கிள்காரன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. கருமாதி முடிந்து பாஞ்சாலை வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போகிற வழியில், கம்பெனிக்கு மண் எடுக்கிற பள்ளத்து ஓரமெல்லாம் பிரம்மதண்டு மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தாள். இப்போது நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். கையெல்லாம் முள். மறுநாள் வேறு இடத்தில் பூத்திருந்தது.

ஒரு காலையில் அடுத்த தெருவிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பூவாயி வீடு. மாரி உட்கார்ந்துவிட்டாள். துக்கத்தில் இத்தனை நாள் மறந்துபோயிருந்த, பூவாயி வீட்டு உறியில் தொங்குகிற ஜாடி அப்போதுதான் பாஞ்சாலையின் கண்ணில் வந்து நின்றது.

துக்க வீட்டுக்காரி, வருஷம் திரும்பாதவள், மங்கலக் காரியம் நடக்கிற வாசலை மிதிக்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியாதா? தலையை அள்ளி முடியக்கூட நிற்காமல் ஓடினாள். வாசலில் பூவாயி வழிமறித்தாள்.

"ஏய், எங்க வர? புள்ள ஒக்காந்திருக்கா."

"அண்ணி, அந்த எண்ணெயக் குடுக்காதீங்க. ஒங்க கால்ல வுழறேன். டாக்டர் சொன்னாரு அண்ணி."

"டாக்டர் சந்தேகம்னுதான சொன்னாரு? ருசு எங்க? ஒன் ஜாடியில என்னா இருந்துச்சி?" பூவாயியின் குரல் ஏறியது. உள்ளே இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஒம்பொண்ணு போயிட்டா, சரி, அதுக்கு நானும் அழுதேன். எம்பொண்ணுக்கும் அது கெடைக்கக் கூடாதா? எண்ணென்னாலே ஒனக்கு வவுறு எரியும். அடுத்த வூட்டு எண்ணெயுமா ஒனக்குக் கணக்கு?"

இத்தனை வருஷம் பாஞ்சாலையே ஊருக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தை அது. பூவாயியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மாரி கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜாடி. அவள் கையில் முட்டை ஓடு, விளிம்புவரை எண்ணெய்.

"குடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல அத்த. முட்டதான் குடிச்சேன்."

பாஞ்சாலை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஓடு சுவரில் பட்டு நொறுங்கியது. ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினாள். நல்ல கனம். அதைத் தரையில் ஓங்கி அடித்தாள். எண்ணெய் தரை முழுக்க ஓடியது. கோலத்தின் மேல் ஓடியது, பாயை நனைத்தது, வாசற்படி வரைக்கும் போனது.

பூவாயி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "பாவி! பஞ்சத்துல வாங்கினது! பாவி!" என்று அலறிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் எண்ணெயை அள்ள ஆரம்பித்தாள். அள்ளியதை எதில் ஊற்றுவது என்று தெரியாமல் கையில் ஏந்தியபடி நிமிர்ந்தாள். எதிரே பாஞ்சாலை நின்றாள்.

பாஞ்சாலை குனியவில்லை. அவள் பாதத்தைச் சுற்றி எண்ணெய் தேங்கிக் கிடந்தது. ஒரு சொட்டு விழுந்தால் விரலால் வழிக்கிறவள், பிள்ளை தலையில் தடவுகிறவள், அத்தனை எண்ணெய்க்கு நடுவே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கீழே பார்க்கவே இல்லை. மாரியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், குச்சியாக இருந்த அந்தக் காலை.

பூவாயியின் கூச்சல் நின்றது. அவள் பாஞ்சாலையின் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவாடி?" என்று கேட்டாள்.

பாஞ்சாலை தலையை ஆட்டினாள். பூவாயி உள்ளங்கை இரண்டையும் மெல்ல விரித்தாள். அள்ளிய எண்ணெய் திரும்பவும் தரையில் விழுந்தது.